கைராசி

ஆய்வகத்தில் அவளுக்குச் சோப்பு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுவது அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நன்றாகவே தெரியும். கதவை முழங்கையால் தள்ளித் திறப்பாள். அடுத்தவர் பேனாவைத் தொடமாட்டாள். மதியம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் விரலை நக்கினால், பாதிச் சாப்பாட்டில் தன் டப்பாவை மூடிவிடுவாள். வீட்டில் கணவனின் தலையணை உறையில் தலைப்பிசுக்கு மஞ்சளாகப் படிந்துவிடக் கூடாதென்று அதைக் கொதிக்கும் நீரில் போட்டுப் போட்டு, துணி சல்லடையாகிவிட்டது.

இப்படிப்பட்டவள் போயும் போயும் பாக்டீரியா வளர்க்கிற வேலைக்கு ஏன் வந்தாள் என்று கேட்டால் அவளிடம் பதில் உண்டு. "தட்டுல தனியா வளர்ந்த பாக்டீரியா சுத்தம். அதுல அது மட்டும்தான் இருக்கும். மனுஷங்க அப்படியா?"

ஆனால் அவள் அப்போது வளர்த்துக்கொண்டிருந்த பாக்டீரியா வந்த இடம் அப்படியொன்றும் சுத்தமான இடமல்ல. இறைச்சி வைக்கும் ஒரு குளிர்கிடங்கின் சாக்கடை வாயிலிருந்து எடுத்தது. எடுத்தவளும் அவள்தான். கிடங்குக்காரர் இரும்புச் சட்டத்தைத் தூக்கியபோது அதன் அடியில் சாம்பலும் ரோஜா நிறமுமாகக் கோழை தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் நூலாக நீண்டது, அறுபடவில்லை. பழைய ரத்தமும் ஊறிப்போன தோலும் கலந்த நாற்றம் முகமூடிக்குள் புகுந்து நாக்கில் ஒட்டியது. நீளக் கிடுக்கியால் ஒரு துளியை எடுத்துக் குப்பிக்குள் விடுவதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிடங்குக்காரர் சிரித்தார். "எங்களுக்கெல்லாம் பழகிடுச்சும்மா. உங்களுக்கு எதுக்கு இந்தக் கருமம்?"

எதற்கென்றால், அந்தக் குளிரில் எல்லாம் உறைய, இது மட்டும் எப்படிக் கொழகொழவென்று செழிக்கிறது என்பதுதான் அவர்கள் ஆய்வு. பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. குளிரில் கொழுப்பு இறுகும். கழுவாமல் போட்ட வறுவல் சட்டியில் காலையில் வெள்ளையாகக் கெட்டித்துக் கிடக்குமே, அப்படி. சவ்வு இறுகினால் உயிர் நின்றுவிடும். அதனால் பாக்டீரியா தன் கொழுப்பைத் திருத்திக்கொள்கிறது. நேராக நிற்கும் கொழுப்பு வால்களில் ஓரிடத்தில் ஒரு வளைவு வைக்கிறது. வளைந்த வால்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. சவ்வு இளக்கமாகவே இருக்கும். வளைவை எங்கே வைக்கிறது, எதைக்கொண்டு வைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக அவள் குளிரறையில் குடுவை குடுவையாக வளர்த்து, சுழற்றி, அடியில் படியும் சளி போன்ற கட்டியை வழித்து, அதிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்தாள். பிறகு நெட்டையிடம் கொடுப்பாள். ஆய்வகத்தின் பெரிய இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன். உயரம் காரணமாக அந்தப் பெயர். கொழுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகட்டைக் கோடாக வரைந்து தருவது அவன் இயந்திரத்தின் வேலை.

அந்தக் கோட்டில்தான் ஒருநாள் புது முகடு ஒன்று முளைத்தது. எந்தப் பட்டியலிலும் பொருந்தாத, ஒரு வளைவுள்ள கொழுப்பு. பேராசிரியர் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கருவிகளைக் கடையில் வாங்காமல் கையாலேயே செய்த காலத்தில் வேலை கற்றவர். இன்றும் வளர்ப்புக் குடுவைகளுக்கு அடைப்பானும் காற்றுக் குழாயும் பொருத்தித் தானே பூட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை. சோப்பு பல வருடம் வேலையை விட்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். இவர் ஒருவர்தான் "திங்கட்கிழமை வந்துடு" என்றார். அந்த நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு. அதே சமயம் அவரைப் பக்கத்தில் நின்று பார்ப்பது அவளுக்கு ஒரு சோதனை. முகம் எப்போதும் எண்ணெய் தடவிய மாதிரி மின்னும். கண்ணாடி மூக்கிலிருந்து சறுக்கிக்கொண்டே இருக்கும். தலையைச் சொறிந்தால் கறுப்பு மேசையில் பொடி உதிரும். அதைப் புறங்கையால் தட்டிவிட்டு அப்படியே பேச்சைத் தொடர்வார்.

ஒரு விசித்திரம் இருந்தது. அவர் பூட்டிய குடுவையில் வளர்ந்தால் அந்த முகடு வரும். அவள் பூட்டிய குடுவையில் வராது. அதே பாக்டீரியா, அதே உப்புக் கரைசல், அதே குளிரறை. பலமுறை செய்து பார்த்தாகிவிட்டது.

"உனக்குக் கைராசி இல்லம்மா," என்பார் அவர், சிரித்துக்கொண்டே. "நீ காத்துக் குழாயைச் சரியா இறக்குறதில்ல. காத்து பத்தலைன்னா அது எப்படி வளைவு வைக்கும்?"

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. வளைவு வைக்க ஆக்சிஜன் வேண்டும் என்பது உண்மைதான். ஆகவே அவர் பூட்ட, அவள் வளர்க்க, வேலை நடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கொழுப்போடு குடித்தனம் நடத்தினாள். கொழுப்பைக் கரைத்தெடுக்கும் கரைப்பான் ஆவியான பிறகு கண்ணாடியின் அடியில் மிஞ்சும் மஞ்சள் படலத்தை மூக்கருகே கொண்டுபோய், கரைப்பான் வாசனை போய்விட்டதா என்று முகர்ந்து பார்ப்பாள். அந்த முகட்டின் படத்தைத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

இந்தப் புதுக் கொழுப்பைப் பற்றிப் பேராசிரியர் பேசவிருந்த மாநாடு நெருங்கிய சமயத்தில், வளைவு வாலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நெட்டை கண்டுபிடித்துவிட்டான். ஆறாவது கார்பனில்.

"ஆறா?" பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எந்தப் பாக்டீரியாவும் அங்க வைக்காதேய்யா. இது புதுசு."

அன்று அனைவருக்கும் காபி வந்தது. சோப்பு தன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, பாக்டீரியா வைக்காவிட்டால் வேறு எது அங்கே வைக்கிறது என்று தேடினாள். வெறும் ஆர்வம்தான். சில விதைகள் வந்தன. அப்புறம் ஒன்று வந்தது. அந்தக் கொழுப்புக்குப் பெயரே மனித இனத்தின் பெயரிலிருந்து வைத்திருந்தார்கள். சேப்பியனிக் அமிலம். மனிதத் தோலில் வழியும் எண்ணெயில் ஏராளமாக இருக்கும். உச்சந்தலையில், நெற்றியில், மூக்கோரத்தில். மற்ற விலங்குகளிடம் இதைத் தேடிப் பிடிப்பதே அரிது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காபியில் ஆடை படிந்தது.

இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரோ கைபட்ட எண்ணெய் என்றால் அது தனியாகப் பிரிந்து வந்திருக்கும். இது அப்படியில்லை. சவ்வின் கொழுப்போடு கட்டுண்டு, சவ்வின் பகுதியாகவே இருந்தது. அதை அவளே பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் பேராசிரியர் குடுவை பூட்டும்போது, கை துடைத்துக்கொண்டிருப்பதுபோல் அவர் பக்கத்தில் போய் நின்றாள். இதற்கு முன் அவர் பூட்டுவதை அவள் முழுதாகப் பார்த்ததே கிடையாது. அந்த மேசைப் பக்கம் பொடி உதிர்ந்திருக்குமென்று போகமாட்டாள். குடுவையில் கரைசல் இருந்தது. வாயில் ரப்பர் அடைப்பான். அடைப்பானில் ஒரு துளை. அதன் வழியே நீளமான கண்ணாடிக் குழாயைக் கரைசலின் அடிவரை இறக்க வேண்டும். உலர்ந்த ரப்பரில் கண்ணாடி எளிதில் போகாது. அழுத்தினால் உடைந்து கையைக் கிழிக்கும். அவள் எப்போதும் தண்ணீரில் நனைத்து, படாதபாடு பட்டு இறக்குவாள்.

பேராசிரியர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மூக்கின் இரண்டு பக்கமும் வைத்து, மேலிருந்து கீழே ஒரு வழி வழித்தார். விரல்கள் பளபளத்தன. அதைக் கண்ணாடிக் குழாயின் நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நன்றாகத் தேய்த்தார். இன்னொரு முறை மூக்கை வழித்தார். இன்னொரு முறை தேய்த்தார். குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கிக் கரைசலுக்குள் போய் நின்றது.

"பாத்தியா? வெண்ணெயில கத்தி மாதிரி," என்றார். "எனக்குச் சொல்லிக்கொடுத்தவரு காட்டின வித்தை. கிரீஸ் போட்டா கொழுப்பு ஆய்வு கெட்டுப்போயிடும், பாரு."

குடுவையைக் கொதிநீராவியில் வைக்கத் தூக்கிக்கொண்டு போனார். கிருமியெல்லாம் செத்துவிடும். எண்ணெய் எங்கும் போகாது.

அவள் கழிவறைக்கு ஓடினாள். காலையில் சாப்பிட்டது வந்தது, பிறகு மஞ்சளாக நீர் வந்தது, பிறகு ஒன்றும் வராமல் வெறும் ஓங்கரிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு வருடமாக அவள் வழித்தது, முகர்ந்தது, சுவரில் ஒட்டி வைத்தது எல்லாம் அந்த மூக்கு. சாக்கடைக் கோழையைத் தொட்டபோதுகூட அவளுக்கு இப்படிப் புரட்டவில்லை. அது யாருடைய முகமும் அல்ல.

முகம் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவள் மூக்கு தெரிந்தது. நுனியில் லேசாக மினுக்கம்.

சந்தேகத்தோடு போய் ஒருவரிடம் சொல்வது அவள் வழக்கம் இல்லை. கரைப்பானில் அலசிய பஞ்சு ஒன்றை எடுத்துவந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் மூக்கின் மடிப்பில் அழுத்தித் துடைத்தாள். பஞ்சு மங்கிய மஞ்சளாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு அதைக் குப்பியில் போட்டாள். அவள் வாழ்க்கையில் கையால் செய்த வேலைகளிலேயே அருவருப்பானது அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை இயந்திரத்துக்கு ஏற்றபடி பக்குவப்படுத்தி, வேறொன்றும் சொல்லாமல் நெட்டையிடம் கொடுத்தாள்.

பிற்பகலில் அவன் கூப்பிட்டான். திரையில் அதே இடத்தில் அதே முகடு. சின்னதாக அல்ல, கோபுரம் மாதிரி.

"செம உயரம்," என்றான். "எந்தக் குடுவை இது? ஒருவழியா உங்களுக்கும் கைராசி வந்துடுச்சு போல."

"குடுவை இல்ல. என் மூக்கு."

நெட்டை சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு மெல்லத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். "அப்போ அவரு..." என்று ஆரம்பித்து, "ஐயய்யோ," என்று முடித்தான்.

பேராசிரியரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பழக்க தோஷத்தில் விரல் மூக்குக்குப் போனது. பாதி வழியில் அதை இறக்கி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஒட்டியிருந்தா தனியா வந்திருக்கணுமே. சவ்வோடயில்ல பிணைஞ்சு இருக்கு?"

"ஆமா சார். அது எடுத்துக் கட்டிக்கிச்சு. நாம கொடுத்தது வெறும் உப்புத் தண்ணி. அதுல ரெடிமேடா வளைஞ்ச கொழுப்பு ஓசியில கிடைச்சா, அது எதுக்குக் கஷ்டப்பட்டுத் தானா செய்யணும்?"

அவர் சன்னல் பக்கம் திரும்பினார். பிறகு தாழ்ந்த குரலில், "மாநாடு அடுத்த வாரம்மா. எல்லாருக்கும் தலைப்பு போயிடுச்சு. அது முடியட்டும். அப்புறமா ஒரு திருத்தம் மாதிரி, பக்குவமா..."

"தப்புன்னு தெரிஞ்சும் போய்ச் சொல்லப் போறீங்களா?"

"யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார். நெட்டைக்குத் தெரியும்."

"உனக்கு நான் என்ன செஞ்சேன்னு ஒருதரம் யோசிச்சுப் பாரு."

அவர் அதைச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காலையில் வந்தது வயிற்றுக் குமட்டல். இது வேறு எங்கிருந்தோ வந்தது. அந்த வேலை, அந்தத் திங்கட்கிழமை, எல்லாவற்றையும் எடுத்து ஒரு பிசுக்குக் கையால் அவள் முன்னால் வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"என் பேரை அதிலிருந்து எடுத்துடுங்க சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கணவன் விஷயத்தைக் கேட்டு முதலில் சோபாவில் புரண்டு சிரித்தான். "என் தலையணையை மட்டும் போட்டு அவிக்கிறியே. உன் மூக்குலயும் அதே சரக்குதானா?"

"அதேதான். நிறையவே இருக்கு," என்றாள். அவள் சிரிக்காததைப் பார்த்து அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"வேலைக்கு ஆபத்தா?"

"தெரியல. அவரு கேட்டாரு பாரு, அப்போ ஒரு நிமிஷம் எனக்கும் சரின்னு சொல்லிடலாமான்னு இருந்துச்சு. அதை நினைச்சாதான் இன்னும் அசிங்கமா இருக்கு."

சாப்பாடு முடிந்ததும் தட்டை எடுத்துப்போய் அவனே கழுவினான், இரண்டு தடவை.

அடுத்த சில நாட்கள் பேராசிரியர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு காலையில் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். வந்து நின்றவர், எதுவும் பேசாமல் கரும்பலகையில் ஒரு பெரிய மூக்கு வரைந்தார். நன்றாகவே வரைந்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூக்கோரத்தில் ஒரு புள்ளி வைத்து, "நம்ம புதுக் கொழுப்பு இங்கதான் உற்பத்தியாகுது," என்றார். கண்ணாடிக் குழாயைப் பற்றி, தான் தேய்த்ததைப் பற்றி, எதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லச் சொல்லக் கூடத்தில் முகங்கள் ஒவ்வொன்றாகச் சுளித்தன. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பூட்டிய குடுவையைத் தொடாதவர்கள் அந்தக் கூடத்தில் இல்லை. அதையும் அவர் பார்த்துக்கொண்டேதான் பேசினார். மாநாட்டுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டதாகச் சொன்னார். "கண்டுபிடிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அதை மறைக்கச் சொன்னது நான். அதுவும் தெரிஞ்சிருக்கட்டும்."

நெட்டைதான் தொண்டையைச் செருமினான். "சார், ஒண்ணு கேக்கலாமா? அது மூக்கு எண்ணெயை எடுத்துச் சவ்வுல வைக்குதுன்னா, அதுவே பெரிய விஷயம் இல்லையா? கிடங்குல வேலை செய்யறவங்க கையிலிருந்தும் முகத்திலிருந்தும் விழறதைத்தான் அங்கயும் தின்னுதோ என்னவோ."

அதைச் சோதிக்க வேண்டியிருந்தது. கடையில் கிடைக்கும் சுத்தமான கொழுப்பைக் கொடுத்தும் பார்க்க வேண்டும், உண்மையான எண்ணெயைக் கொடுத்தும் பார்க்க வேண்டும். உண்மையான எண்ணெய்க்கு முகங்கள் வேண்டும். அதைச் சேகரிக்கக் கை சுத்தமான ஆள் வேண்டும் என்றார்கள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

அப்படியாக, அடுத்தவர் பேனாவைத் தொடாத சோப்பு, அடுத்தவர் மூக்கைத் துடைக்கும் வேலைக்கு வந்தாள். இரட்டைக் கையுறை, முகமூடி, கிடுக்கியில் பஞ்சு. ஒவ்வொருவராக வந்து முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டினார்கள். கரும்புள்ளிகள், மூக்குமுடி, நேற்றைய பருவின் சீழ்முனை, மூச்சில் பூண்டு. அத்தனை பேரின் பஞ்சையும் கரைப்பானில் ஊறவைத்து வடித்தபோது, குப்பியின் அடியில் காதுக் குறும்பி நிறத்தில் ஒரு மெழுகு தங்கியது. கழுவாத சீப்பின் வாடை அடித்தது. அது அவளுக்குப் பழகவேயில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அளவு தவறாமல் எடுத்தாள்.

பேராசிரியரும் ஒருநாள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வெறுமையாக இருந்தது. அவள் பஞ்சை வைத்து அழுத்தியபோது கண்களை மூடிக்கொண்டார்.

"மத்தவங்களைவிட எனக்கு அதிகமா வருதில்ல?" என்றார்.

"ஆமா சார். கொஞ்சம் அதிகம்தான்."

"மன்னிச்சுக்கோம்மா."

அவள் பஞ்சைக் குப்பியில் போட்டு மூடினாள்.

பாக்டீரியாவுக்கு இந்த மாதிரிக் கூச்சமெல்லாம் கிடையாது. குளிரறையில் அந்த மெழுகை ஒரு துளி காட்டியதும் உறிஞ்சிக்கொண்டது. வளைந்த வால்களை அப்படியே பிடித்துத் தன் சவ்வில் செருகிக்கொண்டு, அந்த அளவுக்குத் தானாகச் செய்வதை நிறுத்திக்கொண்டது. குளிர் கூடக்கூட அதிகம் எடுத்தது. வெதுவெதுப்பான அறையில் வைத்தால் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. கட்டுரை வெளியானபோது, முதல் முறை அந்தக் கொழுப்பு எப்படிக் குடுவைக்குள் வந்தது என்பதும் அதில் இருந்தது. அந்த வரியைப் பேராசிரியரே எழுதினார். படித்தவர்கள் எங்கெங்கோ சிரித்திருப்பார்கள். சிலர் அவருக்கு எழுதி, தாங்களும் இத்தனை காலம் அப்படித்தான் குழாய் இறக்கியதாகச் சொன்னார்கள்.

கட்டுரை வெளியான செய்தி வந்த அன்று அவர் ஒரு டப்பா பிஸ்கட் வாங்கி வந்தார். இப்போது எப்போதும் கையுறையோடுதான் இருப்பார். அன்று வெளியிலிருந்து நேராக வந்ததால் வெறுங்கை. எல்லோருக்கும் தானே எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். அவள் முறை வந்தபோது ஒரு பிஸ்கட்டை விரலால் எடுத்து நீட்டினார். அவள் கை எழும்பவில்லை. அவரை அவள் முன்பைவிட அதிகமாக மதித்தாள். எல்லோர் முன்னாலும் அப்படி நின்று பேச எத்தனை பேரால் முடியும் என்று கணவனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். ஆனால் மரியாதை ஒரு பக்கம் இருக்க, பிஸ்கட்டில் விரல் பட்ட இடம் மட்டும் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது.

அவர் அதைப் புரிந்துகொண்டார். நீட்டிய பிஸ்கட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"நீயே எடுத்துக்கம்மா. அடி வரிசையில நான் கை வைக்கல."

எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மேல் வரிசைக் காகிதத்தை விலக்கி, அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். வெண்ணெய் நாக்கில் கரைந்து மேலண்ணத்தில் படலமாக ஒட்டிக்கொண்டது. அவள் அதை முழுதாக மென்று, அவர் பார்க்கும்படி விழுங்கினாள்.